டீசல் எஞ்சின் புகையும் விதை எண்ணெயும்

கிராமங்களில் டீசல் எஞ்சின் செய்யும் வேலை பலவகைப்பட்டது. மின்சாரம் எட்டாத நிலங்களிலும், மின்சாரம் தடைப்படும் வேளைகளிலும் நீர் இறைத்துத் தருவது அதுவே. டிராக்டர், பவர் டில்லர், அறுவடை யந்திரம், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் லாரி ஆகியவை பெரும்பாலும் அதனாலேயே ஓடுகின்றன. அதனால் உண்டாகும் அனுகூலத்தை அறியாதார் இல்லை. ஆயின், அது கக்கும் புகை எத்தகையது, அதனைக் குறைக்க வழி உண்டா, மரவிதைகளிலிருந்து எடுக்கும் எண்ணெய் அதற்கு எவ்வளவு தூரம் உதவும் என்பவற்றைக் கணக்கோடு அறிந்தவர் சிலரே. விதை எண்ணெயைப் பற்றிய பெரும்பேச்சை நம்பி, நிலத்தையும் பணத்தையும் ஈடுபடுத்திப் பின்னர் நஷ்டமடைந்த குடியானவர்கள் நம் நாட்டில் பலர். ஆதலின், இவ்விஷயத்தில் மெய்யான நன்மை எது, மிகைப்பட்ட கூற்று எது என்பதைக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் பகுத்தறிந்து கொள்ளுதல் அவசியமாகும்.

புகையின் தன்மை

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறியைக் கொண்டு எரிபொருளைக் கொளுத்துகிறார்கள். டீசல் எஞ்சினில் அவ்வாறு இல்லை. அதன் உருளையினுள் காற்று மிகுதியாக அழுத்தப்படுகிறது. அழுத்தத்தினால் காற்று கடுஞ்சூடு அடைகிறது. அந்தச் சூட்டினுள் எரிபொருள் நுண்ணிய துளிகளாகப் பீச்சப்பட்டவுடன் தானே தீப்பற்றிக் கொள்ளுகிறது. துளிகள் மிக நுண்ணியனவாய் இருந்து, ஒவ்வொன்றையும் சுற்றிப் போதிய காற்றும் இருக்குமாயின் அவை முற்றும் எரிந்துவிடும். துளி பருத்திருந்தாலும், காற்று போதாமற் போனாலும், எரிபொருளில் உள்ள கரி எரியாமல் எஞ்சிப் புகைக்கரியாக வெளியேறும். எஞ்சினின் சக்திக்கு மேல் பாரம் ஏற்றும்பொழுது கரும்புகை எழுவதற்குக் காரணம் இதுவே.

இப்புகைக்கரியின் துகள்களிற் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் குறைந்த பருமன் உடையவை. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்ததில் ஒரு கூறு. மனிதனின் தலைமயிரின் பருமனோ ஏறக்குறைய 70 மைக்ரான். ஆகவே இத்துகள்களை மூக்கில் உள்ள மயிரும் சளியும் தடுத்து நிறுத்துவதில்லை. அவை நுரையீரலின் அடிவரையிற் சென்று தங்குகின்றன. புகைக்கரியோடு கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயுவும், நைட்ரஜன் ஆக்ஸைடுகளும், முற்றும் எரியாத எண்ணெயின் ஆவியும் சேர்ந்து வருகின்றன. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், டீசல் எஞ்சினின் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்க வல்லது என்று 2012-ஆம் ஆண்டில் தீர்மானித்தது.

நான்கு சுவருக்குள் எஞ்சினை வைத்து இரவெல்லாம் நீர் இறைப்பவரும், நாள் முழுவதும் டிராக்டரின் மேல் அமர்ந்திருப்பவரும், ஜெனரேட்டர் ஓடும் இடத்திற்கு அருகில் வசிக்கும் குழந்தைகளும் இப்புகையை அதிகமாகச் சுவாசிக்கின்றனர். கிராமத்துக் காற்று தூய்மையானது என்னும் நம்பிக்கையால் இவர்கள் எவ்விதத் தற்காப்பும் செய்துகொள்வதில்லை.

பழைய எண்ணமும் புதிய முயற்சியும்

விதை எண்ணெயால் எஞ்சினை ஓட்டுவது புதிய எண்ணம் அன்று. இவ்வெஞ்சினைக் கண்டுபிடித்தவர் ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியர். 1900-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் நடந்த பெரிய கண்காட்சியில், அவ்வகை எஞ்சின் ஒன்று நிலக்கடலை எண்ணெயால் ஓட்டிக் காட்டப்பட்டது. ஆப்பிரிக்காவில் தம் ஆட்சிக்கு உட்பட்டிருந்த நாடுகளில் நிலக்கடலை மிகுதியாக விளைந்தமையால், அங்கேயே கிடைக்கும் எண்ணெயைக் கொண்டு யந்திரங்களை ஓட்டலாம் என்பது பிரெஞ்சு அரசாங்கத்தாரின் நோக்கம். 1937-ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டு விஞ்ஞானி ஷவான், பனை இனத்து எண்ணெயைச் சாராயத்தோடு சேர்த்து மாற்றி எஞ்சினுக்கு ஏற்றதாகச் செய்யும் முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அடுத்த ஆண்டிலேயே பிரஸ்ஸல்ஸ் நகருக்கும் லூவேன் நகருக்கும் இடையே ஒரு பஸ் அவ்வெண்ணெயால் ஓட்டிச் சோதிக்கப்பட்டது. எனினும், மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த தாது எண்ணெய் மலிவாகக் கிடைத்தபடியால் இம்முயற்சிகள் நெடுங்காலம் கவனிக்கப்படவில்லை.

இந்தியாவில் 2002-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31-ஆம் நாள், டெல்லிக்கும் அமிர்தசரஸுக்கும் இடையே செல்லும் சதாப்தி ரயில், 100-க்கு 5 பங்கு விதை எண்ணெய்ச் சரக்கு கலந்த டீசலால் ஓட்டப்பட்டது. கர்நாடகத்தில் கக்கனஹள்ளி என்னும் வறண்ட கிராமப் பகுதியில், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் உடுப்பி ஸ்ரீனிவாசாவின் முயற்சியால், புங்க எண்ணெயைக் கொண்டு ஜெனரேட்டர்கள் ஓட்டப்பட்டு, ஆழ்குழாய்க் கிணறுகளிலிருந்து வயல்களுக்கு நீர் இறைக்கப்பட்டது. நம் ஊர்க் குளக்கரையில் நிற்கும் அதே புங்கமரமே அங்கு எரிபொருள் தந்தது என்பது கவனிக்கத் தக்கது.

எண்ணெயை அப்படியே ஊற்றலாகாது

செக்கில் ஆட்டிய எண்ணெய் டீசலைவிட ஏறக்குறையப் பத்து மடங்கு கெட்டியானது. அதனை அப்படியே ஊற்றினால் எஞ்சின் ஓடாமற் போவதில்லை. சில நாட்கள் நன்றாகவே ஓடும். அதனாலேயே பலர் ஏமாறுகின்றனர். கெட்டியான எண்ணெய் நுண்துளியாகப் பிரியாது. பருத்த துளிகள் அரைகுறையாக எரியும். நாளடைவில் நாஸிலின் முனையிற் கரி படியும். பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும். எரியாத எண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஆயிலைக் கூழாக்கிவிடும். புகை குறைவதற்குப் பதிலாக மிகும். எண்ணெயை முன்கூட்டிச் சூடாக்கி, நிதானமாகச் சுழலும் நிலையான எஞ்சின்களில், தேர்ந்தவரின் மேற்பார்வையில் ஓட்டினால் இத்தீங்கு குறையும். இக்காலத்து டிராக்டர்களிலும் லாரிகளிலும் இதனை முயலுதல் எஞ்சினைப் பாழாக்குவதாகும்.

எஞ்சினுக்கு ஏற்றதாக எண்ணெயை மாற்றியமைத்த சரக்குக்கே பயோடீசல் என்று பெயர். எண்ணெயின் ஒவ்வோர் அணுத்திரளிலும் கிளிஸரின் என்னும் முதுகெலும்பில் மூன்று கொழுப்பமிலங்கள் கோக்கப்பட்டிருக்கின்றன. எண்ணெயை ஏறக்குறைய 60 டிகிரி சூட்டில் வைத்து, மெத்தனாலும் சிறிது காஸ்டிக் சோடாவும் சேர்த்துக் கலக்கினால், கொழுப்பமிலங்கள் கிளிஸரினை விட்டுப் பிரிந்து மெத்தனாலோடு கூடுகின்றன. கனமான கிளிஸரின் அடியில் தங்கும். மேலே நிற்பதைக் கழுவி, ஈரம் போக்கி எடுத்தால் பயோடீசல் கிடைக்கும். 100 கிலோ எண்ணெய்க்கு ஏறக்குறைய 11 கிலோ மெத்தனால் செலவாகி, ஏறக்குறைய 100 கிலோ பயோடீசலும் 10 கிலோ கிளிஸரினும் உண்டாகும். பழைய விதையிலிருந்தும் நனைந்த விதையிலிருந்தும் எடுத்த எண்ணெயில் புளிப்பு மிகுந்திருக்கும். அவ்வெண்ணெய் காஸ்டிக் சோடாவோடு சேர்ந்து சோப்பாகிவிடும். அதற்கு முதலில் வேறொரு பக்குவம் செய்தாக வேண்டும்.

இவ்வேலையை வீட்டுத் தாழ்வாரத்தில் செய்து பார்க்க எவரும் துணியலாகாது. மெத்தனால் எளிதில் தீப்பற்றுவது. உடலினுள் சென்றால் கண்ணையும் உயிரையும் போக்குவது. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன சாராயத்திற் கலந்திருந்த விஷம் இதுவே. அனுமதியும், பயிற்சியும், பாதுகாப்புச் சாதனங்களும் உள்ள தொழிற்சாலைகளே இச்சரக்கைக் கையாளத் தக்கவை.

புகை எவ்வளவு குறையும்

பயோடீசலின் எடையில் 100-க்கு ஏறக்குறைய 11 பங்கு பிராணவாயுவாகும். எரியும்பொழுது இது உள்ளிருந்தே உதவுவதால் கரி எஞ்சுவது குறைகிறது. அமெரிக்க நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிலையம், லாரி முதலிய கனரக எஞ்சின்களில் நடந்த பல சோதனைகளைத் தொகுத்து 2002-ஆம் ஆண்டில் கணக்கு வெளியிட்டது. அதன்படி, டீசலில் 100-க்கு 20 பங்கு பயோடீசல் கலந்தால் புகைத்துகள் 100-க்கு 10 பங்கும், கார்பன் மோனாக்ஸைடு 11 பங்கும், எரியாத எண்ணெய் ஆவி 21 பங்கும் குறைந்தன. தனிப் பயோடீசலாகவே ஓட்டியபொழுது புகைத்துகளும் கார்பன் மோனாக்ஸைடும் ஏறக்குறையப் பாதியாயின. எண்ணெய் ஆவி மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது.

இதற்கு மறுபுறமும் உண்டு. நைட்ரஜன் ஆக்ஸைடுகள் குறையவில்லை. 20 பங்கு கலப்பில் 2 பங்கும், தனிப் பயோடீசலில் 10 பங்கும் அவை மிகுந்தன. விதை எண்ணெயில் கந்தகம் மிகச் சொற்பம் என்பது முன்னாளில் பெரிய சிறப்பாகக் கூறப்பட்டது. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் டீசலிலேயே கந்தகம் பத்து லட்சத்துக்குப் பத்துப் பங்காகக் குறைக்கப்பட்டுவிட்டமையால், அச்சிறப்பு இப்பொழுது பெரிதன்று. புகைத்துகளைப் பிடித்து நிறுத்தும் வடிகட்டி பொருத்திய புதிய வண்டிகளிலும் மேற்கண்ட ஆதாயம் குறைவே. பழைய டிராக்டரும், பழைய பம்பு எஞ்சினும் வைத்திருப்போருக்கே அது மிகுதி.

மரம் வளரும்பொழுது காற்றிலிருந்து கரியமில வாயுவை உட்கொள்ளுகிறது. எண்ணெய் எரியும்பொழுது அதுவே திரும்ப வெளிவருகிறது. ஆதலால் பூமியின் வெப்பம் மிகுவதற்குத் தாது எண்ணெயைப் போல் விதை எண்ணெய் காரணமாவதில்லை என்பர். இது பெரிதும் உண்மையே. ஆயினும், உரம், மெத்தனால், போக்குவரத்து ஆகியவற்றிற்கு ஆகும் எரிபொருளையும் கழித்தே கணக்கிட வேண்டும். காட்டை அழித்து எண்ணெய் மரம் நடுவார்களாயின் ஆதாயம் முழுவதும் நஷ்டமாக மாறிவிடும்.

காட்டாமணக்கு கற்பித்த பாடம்

2003-ஆம் ஆண்டில் இந்தியத் திட்டக் கமிஷன் அமைத்த குழு, காட்டாமணக்கைப் பெருவாரியாகப் பயிரிட்டு, டீசலில் 100-க்கு 20 பங்கு பயோடீசல் கலக்கும் நிலையை அடையலாம் என்று யோசனை கூறியது. 2009-ஆம் ஆண்டின் தேசியக் கொள்கையும் 2017-க்குள் 20 பங்கு என்று குறித்தது. அது நிறைவேறவில்லை. பல ஆண்டுகள் சென்றும் கலப்பு 100-க்கு ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. 2018-ஆம் ஆண்டின் கொள்கை, 2030-க்குள் 5 பங்கு என்று இலக்கைக் குறைத்துக் கொண்டது.

இத்தோல்விக்குக் காரணம் யாது? காட்டாமணக்கு வேலியில் தானே வளர்வது; ஆடுமாடு கடிப்பதில்லை; மழையின்றியும் பட்டுப்போவதில்லை. இதைக் கண்டவர்கள், புன்செய்யில் நீரும் உரமும் இன்றியே அது நன்கு காய்க்கும் என்று முடிவு செய்துவிட்டனர். உயிர் தாங்கி நிற்பதற்கு நீர் வேண்டாத செடியே ஆயினும், காய்ப்பதற்கு நீர் வேண்டும். தமிழ்நாட்டில் கோயம்புத்தூர், திருவண்ணாமலை ஜில்லாக்களில் நடத்தப்பெற்று 2010-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி, மகசூல் எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைந்தது என்றும், பயிர் கட்டுப்படியாகவில்லை என்றும், ஏழைக் குடியானவர்களே அதிகம் பாதிக்கப்பட்டனர் என்றும் கண்டது. நிலக்கடலை விளைந்த நிலத்தில் காட்டாமணக்கை நட்டவர்கள் உண்ணும் எண்ணெயையும், கால்நடைக்கு ஆகும் கொடியையும் பிண்ணாக்கையும் இழந்தனர். காட்டாமணக்கின் பிண்ணாக்கோ நஞ்சுடையது. மாட்டுக்கு வைக்க உதவாது.

ஆகவே, உணவும் தீவனமும் விளையும் நிலத்தை எரிபொருட் பயிருக்கு மாற்றலாகாது என்பதை அங்கத்தினர்கள் முதல் விதியாகக் கொள்ள வேண்டும். மகசூலுக்கும் விலைக்கும் எழுத்து மூலமான பொறுப்பை ஏற்காமல், நாற்று விற்க மட்டும் வருவோரிடம் சங்கத்தின் பணம் செல்லலாகாது.

புங்கமரமும் அதன் கணக்கும்

புங்கமரம் நம் குடியானவர்களுக்குப் பழைய துணை. அதன் தழை நெல்வயலுக்கு உரம். நிழல் வழிப்போக்கருக்கு இளைப்பாறுமிடம். எண்ணெய் விளக்குக்கும் தோல் பதனிடுவதற்கும் சோப்புக்கும் உதவுவது. பிண்ணாக்கு பயிருக்கு உரம். அவரை இனத்தைச் சேர்ந்ததாகையால் அதன் வேர் மண்ணில் நைட்ரஜன் சத்தைச் சேர்க்கிறது. ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், சாலையோரம், புறம்போக்கு ஆகிய இடங்களில் நட்டால் எந்தப் பயிருக்கும் இடையூறு இல்லை. நட்டு ஏறக்குறைய 4 முதல் 7 ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும்.

ஆயினும் இதிலும் ஆசை கணக்கை மீறலாகாது. 100 கிலோ புங்க விதையை எக்ஸ்பெல்லரில் ஆட்டினால் ஏறக்குறைய 25 கிலோ எண்ணெய் கிடைக்கும் என்று கொள்வோம். அதனைப் பயோடீசலாக மாற்றினால் ஏறக்குறைய 28 லிட்டர் ஆகும். டீசலைவிட அதற்குச் சக்தி சற்றுக் குறைவாதலின், 26 லிட்டர் டீசலுக்கு ஈடாகும். 5 குதிரைச் சக்தி எஞ்சின் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிப்பதாகக் கொண்டால், இது 26 மணி நேரத்திற்குப் போதும். மரங்களின் காய்ப்பு ஒரே தன்மையதன்று. ஒரு மரம் ஆண்டுக்கு 10 கிலோ விதை தருவதாக அடக்கமாகவே மதிப்பிட்டால், ஆண்டுக்கு 500 மணி நேரம் ஓடும் ஒரே ஓர் எஞ்சினுக்கு ஏறக்குறைய 200 மரங்கள் வேண்டும். ஊரில் உள்ள எல்லா எஞ்சின்களையும் புங்க எண்ணெயாலேயே ஓட்டிவிடலாம் என்னும் எண்ணம் இக்கணக்கின் முன் நில்லாது. வேறு வழியில் வீணாகும் விதையை வருமானமாக்கி, டீசலில் ஒரு பகுதியை மிச்சப்படுத்துவதே இதன் பயன். சோப்புக்கோ மருந்துக்கோ புங்க எண்ணெய் டீசலைவிட அதிக விலைக்குப் போகுமாயின், எண்ணெயாகவே விற்று, அப்பணத்தில் எஞ்சினைச் சீர்படுத்துவதே சிலாக்கியம்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

முதலாவது, புகையைக் குறைக்கும் மலிவான வழி எஞ்சினைச் செவ்வனே பராமரிப்பதாகும். காற்றுப் பில்டரைச் சுத்தம் செய்தல், தேய்ந்த நாஸிலை மாற்றுதல், எஞ்சினுக்கும் பம்புக்கும் பொருத்தம் பார்த்தல், புகைக்குழாயைக் கொட்டகைக்கு வெளியே உயரமாகக் கொண்டுசெல்லுதல் ஆகியவற்றை எவரும் செய்யலாம். சங்கத்தின் சார்பில் ஆண்டுக்கு இருமுறை ஒரு மெக்கானிக்கை வரவழைத்து, அங்கத்தினர்களின் எஞ்சின்களைப் பரிசோதிக்கச் செய்வது செலவைக் காட்டிலும் மிகுந்த பலன் தரும். எந்த எண்ணெயை ஊற்றினாலும் இது இன்றியமையாதது.

இரண்டாவது, சங்கம் விதை சேகரிக்கும் நிலையமாகலாம். மரங்களின் மகசூலைப் பஞ்சாயத்து ஏலம் விடும் ஊர்களில், தனித் தரகர்களுக்குப் பதிலாகச் சங்கமே அதனை எடுக்கலாம். கீழே விழும் விதைகளைப் பொறுக்குவோர் பெரும்பாலும் நிலமற்ற பெண்களாவர். அவர்களுக்குச் சரியான எடையும் கைமேற் பணமும் கிடைப்பதே சங்கத்தின் முதல் ஆதாயம் என்று கருத வேண்டும். விதையை நன்கு உலர்த்தி, ஈரம் படாமல் வைத்தால் எண்ணெயின் தரமும் விலையும் கெடா.

மூன்றாவது, மரம் நடாமலே கிடைக்கும் எண்ணெய் ஒன்று உண்டு. அது பலகாரக் கடைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் மீதியாகும் எண்ணெய். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் உடலுக்குத் தீங்கானது. அவ்வாறு காய்ச்சியதால் உண்டாகும் கழிவுச் சேர்க்கை 100-க்கு 25 பங்கைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ஆம் ஆண்டு ஜூலை முதல் விதித்தது. அதனைப் பயோடீசல் செய்வோருக்குச் சேர்ப்பிக்கும் திட்டத்தையும் அதே ஆண்டில் தொடங்கியது. பல ஊர்ச் சங்கங்கள் ஒன்றுகூடி இவ்வெண்ணெயைச் சேகரித்து, அங்கீகாரம் பெற்ற ஆலைக்கு அனுப்பினால், அது மீண்டும் வாணலிக்குப் போவது நிற்கும். சங்கத்துக்கும் சிறு வருமானம் உண்டாகும்.

நான்காவது, பயோடீசல் வாங்குவோர் கவனிக்க வேண்டிய சில உண்டு. இந்தியத் தர நிர்ணயப்படி, பங்குகளில் விற்கும் டீசலில் 100-க்கு 7 பங்கு வரையில் பயோடீசல் கலக்கலாம். அதற்கு மேல் கலப்பதாயின் எஞ்சின் செய்தவரின் சம்மதம் இருக்கிறதா என்று கேட்டறிய வேண்டும். புதிதாக ஊற்றும்பொழுது தொட்டியில் நாள்பட்டு ஒட்டியுள்ள அழுக்கு கரைந்து வந்து பில்டரை அடைக்கும். ஆதலால் முதல் சில வாரங்களில் பில்டரை அடிக்கடி பார்க்க வேண்டும். பழைய ரப்பர்க் குழாய்கள் ஊறி இளகக்கூடும். பயோடீசலைத் தண்ணீரும் வெயிலும் படாமல் வைத்து, ஆறு மாதத்திற்குள் செலவழித்துவிடுவது நலம். தரச்சான்று இல்லாமல் பயோடீசல் என்னும் பெயரால் மலிவாக விற்கப்படும் சரக்கைச் சங்கம் வாங்கலாகாது.

விதை எண்ணெய் எல்லா நோயையும் தீர்க்கும் மருந்தன்று. புறக்கணிக்கத்தக்க பொருளும் அன்று. பொதுக்குழு கூடும்பொழுது, ஊரிலுள்ள எஞ்சின்கள் எத்தனை, அவை ஆண்டுக்குக் குடிக்கும் டீசல் எவ்வளவு, கரையிலும் புறம்போக்கிலும் நிற்கும் புங்கமரங்கள் எத்தனை, அவற்றின் விதை இப்பொழுது யார் கைக்குப் போகிறது என்னும் நான்கையும் ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது நலம். அத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு முடிவு செய்யும் சங்கத்தைப் பெரும்பேச்சால் ஏமாற்றுவது எளிதன்று. எஞ்சின் கொட்டகையில் இரவு கழிப்பவரின் மூச்சுக்கும் அச்சங்கத்தாலேயே ஓரளவு நன்மை உண்டாகும்.